பாதியிலிருந்து பார்த்தாலும் எழுந்து போக முடியாத படம் எது?

திண்ணைவாசி எழுதியது:

போன ஞாயிறு மதியம் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கிவரக் கிளம்பினேன். ஒரு காலில் செருப்பை மாட்டியாயிற்று. கூடத்து டிவியில் தேங்காய் சீனிவாசனின் குரல். எட்டிப் பார்த்தால் 'தில்லு முல்லு'. மீசை இல்லாத ரஜினி முதலாளி மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்து நிற்கிற இடம். அவ்வளவுதான். ஒற்றைச் செருப்போடு கதவில் சாய்ந்து விளம்பரம் வரும்வரை நின்றேன். விளம்பரம் முடிந்த பிறகும் நின்றேன். கடைத் தேங்காய் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. சமையலறையிலிருந்து வந்த வசவை இங்கே எழுத முடியாது.

அந்தப் படம் எனக்கு வரிக்கு வரி தெரியும். அடுத்து யார் வருவார், என்ன சொல்வார், எந்த இடத்தில் தேங்காய் சந்தேகப்பட்டுப் பிறகு தானே சமாதானம் ஆகிவிடுவார், எல்லாம் தெரியும். தெரிந்தும் ஏன் நின்றேன்? அதற்காகத்தான் இந்த இழை.

உங்களுக்கும் அப்படி ஒரு படமோ தொடரோ இருக்கும். சேனல் மாற்றிக்கொண்டே போகும்போது குறுக்கே வந்தால் ரிமோட் கையிலேயே நின்றுவிடும். அது எது, ஏன் என்று எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: 'உலகத்தரம்', 'டாப் டென்' பேச்சு வேண்டாம். அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன, அங்கே போய் மண்டையை உடைத்துக்கொள்ளலாம்.

என் கணக்கை நானே தொடங்குகிறேன்.

'தில்லு முல்லு' 1981இல் வந்தது. இந்தியில் 1979இல் வந்த 'கோல்மால்' படத்தை பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார். இந்திப் படத்தில் நடித்த அமோல் பாலேகர் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருப்பார். அவர் மீசையை எடுத்தாலும் வைத்தாலும் ஊர் திரும்பிப் பார்க்காது. ரஜினி அப்படியா? 1981இல் அவர் மீசையை வழித்துக்கொண்டு வந்ததே பாதி நகைச்சுவை. சண்டைக்காரராகப் பார்த்துப் பழகிய ஆள், முதலாளி எதிரில் கைகட்டி நெளிகிறார். அடுத்து, இந்தப் படத்தின் கதை முழுக்க ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய் என்று அடுக்கு அடுக்காகக் கட்டியது: வேலைக்காக மீசையோடு இன்டர்வியூவுக்குப் போனவன், மாட்டிக்கொள்ளும்போது மீசை இல்லாத தம்பி ஒருவன் இருப்பதாகச் சொல்லி அவனாகவும் நடிக்கிறான். எங்கே நுழைந்தாலும் இரண்டே நிமிடத்தில் யார் யாரை ஏமாற்றுகிறார் என்று பிடிபட்டுவிடும். ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் அதே ஊருக்குத்தானே போகும், அந்த மாதிரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ரஜினி படம் என்று போஸ்டரில் இருக்கலாம்; என்னைப் பொறுத்தவரை தேங்காய் படம். ஏமாறுகிறவர் இவ்வளவு மரியாதையாக, இவ்வளவு நம்பிக்கையோடு ஏமாந்தால்தான் ஏமாற்றுவது சிரிப்பாகும்.

அடுத்தது 'தில்லானா மோகனாம்பாள்'. இதைப் பற்றி எழுதினால் இழை தாங்காது, இருந்தாலும் கொஞ்சம். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். இது தெரிந்த பிறகும் சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பார்க்கும்போது சந்தேகமே வராது. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைப்பது சிவாஜி அல்ல. அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிற பாலையா. கோஷ்டியின் தவில்காரர், தலைவனின் கோபத்தை மொழிபெயர்த்து மற்றவர்களுக்குச் சொல்வதே அவர் வேலை. ஒரு புருவத்தை ஏற்றினால் ஒரு பக்க வசனம். அப்புறம் நாகேஷின் வைத்தி. கும்பிடு போட்டுக்கொண்டே குழி பறிக்கிற ஆள். அப்படி ஒருவரை நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன், அதனாலோ என்னவோ ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒன்று புரிகிறது. ரயில் காட்சி வந்துவிட்டால் வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். மோகனாவின் அம்மா தூங்க வேண்டும், இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் காட்சி. வசனமே தேவைப்படவில்லை.

மூன்றாவது 'மைக்கேல் மதன காமராஜன்', 1990. காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழும் சாம்பாரில் விழுந்த மீனும் ஓடும்போது சேனல் மாற்றுகிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை. கிரேசி மோகன் வசனத்தில் ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் விட்டுப்போனது ஏதாவது கிடைக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எனக்கு மிகவும் பிடித்த படம் இவை மூன்றில் எதுவும் இல்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' தான். ஆனால் அது டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். அந்தத் தாத்தா குடையை எடுத்துக்கொண்டு, பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் பார்க்கப் போய், சுவரைத் தடவிப் பார்க்கிற இடம். சொக்கலிங்க பாகவதர். என்னால் முடியாது. எங்கள் அப்பா 1991இல் வீடு கட்டினார். மேஸ்திரி சிமென்ட் மூட்டையை இரவோடு இரவாக வேறு இடத்துக்கு ஓட்டியது, தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தது, கடனுக்கு அலைந்தது, எல்லாம் எங்கள் வீட்டுக் கதை. 'வீடு' 1988இல் வந்த படம். முன்பே பார்த்திருந்தால் அப்பா மனையை விற்றிருப்பார் என்று அம்மா சொல்வாள்.

ஆக, பிடித்த படம் வேறு, பார்க்கிற படம் வேறு. இது எனக்கு மட்டுமா?


ஆப்பரேட்டர்மகன் எழுதியது:

சார், உங்களுக்கு மட்டும் இல்லை. நான் எந்தப் படத்தையும் ஒழுங்காக முதலிலிருந்து பார்த்ததே கிடையாது. அப்பா டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டர். நான் படம் பார்த்தது புரொஜக்டர் ரூமின் சதுர ஓட்டை வழியாக. உள்ளே மெஷின் சத்தத்தில் வசனம் அரைகுறையாகத்தான் கேட்கும். கார்பன் குச்சி எரிகிற வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

எங்களுக்குப் படம் என்பது கதையாக இருந்ததில்லை, ரீலாகத்தான் இருந்தது. 35 எம்.எம். பிலிமில் 1000 அடி ஓடினால் 11 நிமிடம். பதினாறாயிரம் அடிப் படம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்கு விற்கிறவருக்குக் கொண்டாட்டம். பழைய படம் என்றால் ஒட்டு ஒட்டாக இருக்கும், வெட்டுப்பட்ட இடத்தில் கதாநாயகி வாசலிலிருந்து நேராக மாடிக்குத் தாவிவிடுவாள். ஜனங்கள் ஒரு விசில் அடித்துவிட்டு மேலே பார்ப்பார்கள்.

இதில் என்ன ஆகும் என்றால், படத்தில் எந்த ரீல் நல்ல ரீல் என்று தெரிந்துவிடும். 'காதலிக்க நேரமில்லை' போட்டால் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற ரீலுக்கு மட்டும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தவன் ஓடி வருவேன். அப்பா ஜன்னலைத் தட்டிக் கூப்பிடுவார். அந்தக் காட்சியில் நீங்கள் எல்லோரும் நாகேஷைப் பார்த்திருப்பீர்கள். நான் சத்தம் சரியாகக் கேட்காத இடத்திலிருந்து பார்த்ததால் பாலையா முகத்தையே பார்த்து வளர்ந்தேன். சத்தமே இல்லாமல் ஒருமுறை பாருங்கள். பயம் அவருடைய முகத்தில் படிப்படியாக ஏறும். முதலில் கண், அப்புறம் வாய், அப்புறம் உடம்பே சோபாவில் பின்வாங்கும். நாகேஷ் கதை சொல்வது காதுக்கு, பாலையா கேட்பது கண்ணுக்கு. 1964 படம், இன்றைக்கும் அதை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுவேன்.

திண்ணைவாசி சார் பாலையாவைப் பிடித்ததும் இதனால்தான் இருக்கும். அவர் கதையைக் கேட்கிற நடிகர். கேட்கிறவரைப் பார்க்க முன்கதை தேவையில்லை.

இரண்டாம் ஆட்டம் நேரமாகிவிட்டால் அப்பா ஒரு பாட்டைத் தூக்கிவிடுவார். அதற்காக ஒருமுறை அடிவாங்க இருந்தார், எம்.ஜி.ஆர். பாட்டாகிவிட்டது.


நள்ளிரவுப்பூனை எழுதியது:

பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு 24 வயது. இந்த இழை முழுக்கப் பழைய நினைவு வாசம் அடிக்கிறது.

பாதியிலிருந்து பார்த்தாலும் ஒரு படம் வேலை செய்கிறது என்றால், முதல் பாதி தேவையில்லை என்றுதானே அர்த்தம்? அது படத்தின் பலமா பலவீனமா? துணுக்குத் தோரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. நல்ல கதை ஒரு செங்கல்லை உருவினால் சரிய வேண்டும். 'அயலி' பார்த்தீர்களா? 2023, எட்டுப் பாக இணையத் தொடர். ஒரே இரவில் பார்த்து முடித்துவிட்டு விடிகாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் நடந்தேன். வயதுக்கு வந்த பெண்ணின் படிப்பை நிறுத்துகிற ஊர். தான் வயதுக்கு வந்ததைத் தமிழ்ச்செல்வி மறைக்கிறாள். அதை நாலாவது பாகத்தில் எட்டிப் பார்த்தால் உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு பெண் எதையோ ஒளித்துவைத்துப் பதறுகிறாள், அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தின் எடை முதல் பாகத்தில் இருக்கிறது.

உங்கள் காலத்தில் சேனல் சொன்ன நேரத்துக்கு நீங்கள் ஓட வேண்டியிருந்தது. கிடைத்ததைக் கிடைத்த இடத்திலிருந்து பார்த்தீர்கள். அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடிக்கிறீர்களோ என்று சந்தேகம்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பழைய படங்களை நான் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறேன்.)


திண்ணைவாசி எழுதியது:

பூனைக்கு: ஒன்றரை மடங்கு வேகத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் 'நலந்தானா' பாட்டையுமா? விஷக்கத்தி பட்டுக் கிடந்து எழுந்து வந்தவன் தாங்க மாட்டாமல் வாசிக்கிறான், அவள் சபை நடுவே ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். அதை வேகமாக ஓட்டினால் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி இருக்கும். உங்களைக் கோபிக்கவில்லை, பரிதாபப்படுகிறேன்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. செங்கல் உவமை உறுத்துகிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.


மூணாவதுமாடி எழுதியது:

தொடர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. பாதியில் நுழைகிறவருக்கென்றே தயாரிக்கப்படுவது தமிழில் சீரியல் மட்டும்தான். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அதே கூடம், அதே சோபா, அதே ஆள் அதே வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருப்பார். யார் யார்மேல் கோபம் என்பதைக் கேமரா மூன்று முறை முகத்துக்கு முகம் தாவிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதில் விதிவிலக்கு 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கம், 2002லிருந்து 2005 வரை சன் டிவியில். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், டெல்லி குமார் நடித்தார். சீரியல் அப்பா என்றாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற காலத்தில் இவர் ஒரு மகள் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். சம்பந்தி ஒரு சொல் சொல்வாள், இவர் செருப்பைத் தேடுவார். அந்தச் செருப்புத் தேடலில் எங்கள் தெருவே அழுதிருக்கிறது. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்கள். அப்போது வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலக மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு ஒரு காதில் அதைக் கேட்டிருக்கிறேன். சிதம்பரத்தின் மகள் சரோவின் புருஷன் மாணிக்கத்தை இருபது வருஷத்துக்கு முன்னால் வெறுத்தேன். இப்போது பார்த்தால் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் தைரியமில்லாமல் நிற்கிற சாதாரண ஆள். அந்த மாணிக்கமாக நடித்த சேத்தன்தான் அதற்கு முன் 'விடாது கருப்பு' தொடரிலும் இருந்தார்.

அங்கேதான் பூனை சொல்வதற்கு வருகிறேன். அந்த 'விடாது கருப்பு' இடம்பெற்ற 'மர்மதேசம்' மர்மத் தொடரைப் பாதியில் பார்க்க முடியாது. நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. வாரம் ஒரு நாள். ஒரு வாரம் கரண்ட் போய்விட்டால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் எவனிடமாவது காசு கொடுத்தாவது கதை கேட்டாக வேண்டும். கேட்ட கதையில் அவன் சொந்தச் சரக்கு பாதி இருக்கும். எங்கள் வகுப்பில் கருப்பு யார் என்பதற்கு மூன்று கட்சி இருந்தது. குதிரைக் குளம்பு சத்தம் கேட்டால் என் தங்கை இன்றைக்கும் கதவைப் பார்ப்பாள். ஆனால் முடிவு தெரிந்த பிறகு அதை இன்னொரு முறை பார்க்க உட்கார்ந்தேன், மூன்று பாகத்துக்கு மேல் ஓடவில்லை. முடிச்சு அவிழ்ந்த கயிறு வெறும் கயிறுதான்.

'மெட்டி ஒலி'யில் அவிழ்க்க முடிச்சே இல்லை. அதனால் எங்கே தொட்டாலும் ஓடுகிறது.


ஆப்பரேட்டர்மகன் எழுதியது:

பாட்டைத் தூக்கினார் என்று எழுதியதற்குத் தனிச் செய்தியில் ஒருவர் என்னைத் திட்டியிருக்கிறார், கலைக்குத் துரோகமாம். 2024இல் 'மெய்யழகன்' வந்து சில நாளிலேயே படக்குழுவே சுமார் 18 நிமிடத்தை வெட்டியது. அப்பா ஒரு பாட்டோடு நிறுத்தினார். எனக்கு அந்த வெட்டு வருத்தம்தான். உறவுக்காரன் ஒருவனின் பெயரே நினைவுக்கு வராமல் ஒருவன் விடிய விடிய அவன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிப் பேசிக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தின் சுகமே நேரம் போவதுதான். கல்யாண வீட்டில் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வந்து நாற்காலியை மடக்கினால் எப்படி இருக்கும்?


வடமராட்சியான் எழுதியது:

அண்ணைமார், நானும் ஒரு பாதிப்பட ஆள்தான், ஆனால் என்ரை கதை தலைகீழ். எனக்கு முன்பாதி எல்லாம் தெரியும், முடிவுகள்தான் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கட ஊரில் ஆரும் கலியாணம், சாமத்தியவீடு முடிந்த கையோடு ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். கரண்ட் நம்பேலாது என்று ஜெனரேற்றரும் சேர்ந்து வரும். முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம், சில நாளில் நாலு. ஜெனரேற்றரைக் கிணற்றடிக்குப் பின்னால் வைத்தாலும் அதன் சத்தம்தான் எல்லாப் படத்துக்கும் பின்னணி இசை. முதல் படம் சாமிப்படம் அல்லது எம்.ஜி.ஆர்., பெரியவர்களுக்காக. இரண்டாவது சண்டைப்படம். மூன்றாவது வரும்போது நான் அம்மம்மாவின்ரை மடியில் நித்திரை.

'பாலைவனச்சோலை' அப்படித்தான் பார்த்தேன். ஐந்து பெடியள், வேலை இல்லை, தெருவில் நின்று பகிடி விடுகிறார்கள். எதிர்வீட்டுக்கு ஒரு பெட்டை வருகிறாள், சுகாசினி. எல்லாரும் சிநேகிதம் ஆகிறார்கள். அதோடு நான் நித்திரை. கன வருஷமாக அது சந்தோசமான படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 'மேகமே மேகமே' பாட்டை வானொலியில் கேட்கும்போதும் என்னடா இந்தப் படத்தில் இப்படி ஒரு சோகப் பாட்டு என்று யோசித்ததே இல்லை.

ரொறன்ரோவில் பனி கொட்டின ஒரு இரவு, வேலை முடிந்து வந்து முழுப்படத்தையும் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு இருதய வருத்தம். அவள் செத்துப்போகிறாள். முற்றத்தில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் அது அன்றைக்கே தெரியும், எனக்கு மட்டும் இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது. அந்த முற்றத்தில் இருந்தவர்களில் அரைவாசிப் பேர் இப்ப இல்லை. ஆரையும் எழுப்பிக் கேட்கவும் ஏலாது.

பூனை தம்பி, நீர் சொல்லுறது சரிதான், முன்னுக்கு இல்லாமல் பின்னுக்கு இல்லை. ஆனால் நான் அந்த அரைப்படத்தோடை இருபது வருஷம் சந்தோசமாய் இருந்தனான். அதையும் கணக்கில் போடும்.


கொடிமுல்லை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் எல்லோரும் பாதியிலிருந்து பார்ப்பதைப் பெரிய ரசனையாகப் பேசுகிறீர்கள். எங்கள் அம்மா வாழ்நாளில் எந்தப் படத்தையும் முதலிலிருந்து பார்த்ததில்லை. அவளுக்கு அது ரசனை இல்லை, அடுப்பு.

தூர்தர்ஷனில் ஞாயிறு சாயங்காலப் படம். எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியது எங்கள் வீடு. கூடம் நிறையப் பிள்ளைகள். எழுத்துப் போடும்போது அம்மா எல்லோருக்கும் காப்பி கலந்துகொண்டிருப்பாள். முதல் பாட்டு போகும்போது ராத்திரிக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பாள். நடுவில் செய்தி வரும். மற்றவர்கள் கையைக் காலை நீட்டுவார்கள், அம்மா அந்த நேரத்துக்குள் தோசை வார்த்து முடிக்கப் பார்ப்பாள். அப்புறம்தான் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து உட்காருவாள். நாற்காலியில்கூட இல்லை, நிலைப்படியில். எந்நேரமும் எழுந்து ஓடத் தோதாக. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' மட்டும்தான் அவளுக்குத் தோதான நிகழ்ச்சி. பாட்டுக்கு முன்கதை வேண்டாமே.

அம்மாவுக்குப் பிடித்த படம் 'முள்ளும் மலரும்'. மகேந்திரன், 1978. எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், எல்லாமே பின்பாதி. காளிக்கு ஒரு கை இல்லை, முரடன், தங்கச்சிமேல் உயிர், எஞ்சினியரைக் கண்டால் ஆகாது. கடைசியில் ஊர்கோலத்திலிருந்து வள்ளி திரும்பி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிற இடத்தில் அம்மா புடவைத் தலைப்பை எடுத்துவிடுவாள். 'கெட்ட பய சார் இந்தக் காளி' என்றதும் அவளும் சேர்ந்து முணுமுணுப்பாள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்று. என்னோடு இருக்கிறாள், சமையல் என் வீட்டுக்காரர். போன பொங்கலுக்கு 'முள்ளும் மலரும்' போட்டேன், முதல் எழுத்திலிருந்து. முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறாள். வின்ச் ஓட்டுகிற காளி வந்ததும் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். "இவனுக்கு ரெண்டு கையும் இருக்கே!" என்றாள்.

நாற்பது வருஷமாக அவள் காளி பிறவியிலேயே கை இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேலையிலிருந்து நிறுத்திய பிறகு குடித்துவிட்டுக் கிடந்தவன் மேல் லாரி ஏறிய கதை அவளுக்குத் தெரியாது. அது வரும்போதெல்லாம் அவள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருப்பாள். வேலையிலிருந்து நிறுத்தியவர் எஞ்சினியர் என்பதும் தெரியாது. அதனால் காளியின் வெறுப்பு அவளுக்கு எப்போதும் வெறும் திமிராகவே இருந்திருக்கிறது. திமிர் பிடித்தவன் கடைசியில் திருந்தினான் என்று அழுதிருக்கிறாள்.

இந்த முறை கடைசிக் காட்சியில் அவள் அழவில்லை. டிவியை அணைத்த பிறகும் பேசாமல் இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "பாவம், அவனுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து பழக்கதோஷத்தில் சமையலறைக்குப் போனாள்.

திண்ணைவாசி அண்ணா, உங்கள் ஒற்றைச் செருப்புக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கதவில் சாய்ந்து நின்றபோது தேங்காய்க்காகக் காத்துக்கொண்டு அடுப்படியில் நின்றது யார்?


நள்ளிரவுப்பூனை எழுதியது:

கொடிமுல்லை அக்கா, இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன், நீ எந்தப் படத்தை முதலிலிருந்து பார்த்தாய் என்று. "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று திருப்பிக் கேட்டாள்.

முன்பு துணுக்குத் தோரணம் என்று எழுதியதை நீக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், அழிக்கவில்லை. ஆனால் ஒன்று மாற்றிக்கொள்கிறேன். 'முள்ளும் மலரும்' ஒரு செங்கல் உருவினால் சரியவில்லை, வேறு வீடாக மாறி நின்றிருக்கிறது. அக்காவின் அம்மா பார்த்தது திருந்திய முரடனின் படம். நாம் பார்த்தது தோற்றுப்போன தொழிலாளியின் படம். இரண்டும் அதே பிலிம்.


மூணாவதுமாடி எழுதியது:

பூனை தேறிவிட்டது.

அக்கா, உங்கள் அம்மாவை 'மெட்டி ஒலி' பார்க்கச் சொல்லாதீர்கள். சிதம்பரத்தை முதலிலிருந்து பார்த்தால் தாங்க மாட்டார்.


திண்ணைவாசி எழுதியது:

கொடிமுல்லை கேட்ட கேள்விக்கு நேற்று இரவுவரை பதில் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

டிவியைப் போட்டது நானில்லையாம், அவள்தானாம். 'தில்லு முல்லு' வருகிறது என்று காலையிலேயே பார்த்துவைத்து, மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்து, ராத்திரிச் சட்னிக்கு மட்டும் தேங்காய் இல்லையே என்று என்னை அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று இருந்திருக்கிறாள். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றதில், இவர் எப்போது போவார் எப்போது வருவார் என்று அடுப்படியிலேயே நின்றிருக்கிறாள். எனக்கு விழுந்த வசவு தேங்காய்க்காக அல்ல என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது.

இன்னும் ஒன்று. மீசை விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியாதாம். இன்டர்வியூ காட்சியை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இந்தப் படத்தைப் பற்றி நான் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன், ஒரு நாள்கூட இதைக் கேட்கவில்லை.

பூனையின் செங்கல்லுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன், நீளமாக. வேண்டாம். 'முள்ளும் மலரும்' பற்றி அவரே எழுதியது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

இன்று ராத்திரி 'தில்லு முல்லு', எழுத்துப் போடுவதிலிருந்து. தோசை ஓட்டலிலிருந்து வருகிறது. கால்பந்து மாட்ச் வரும்வரை நான் எதையும் முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை.


ஆப்பரேட்டர்மகன் எழுதியது:

சார், இன்டர்வியூ ரீலில் படத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டம்மாவின் முகத்தைப் பாருங்கள்.


வடமராட்சியான் எழுதியது:

முடிவிலை கமல் வாறதையும் சொல்லிப்போடாதேயுங்கோ.


திண்ணைவாசி எழுதியது:

அவள் இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள், அண்ணை. இப்போது சொல்லியாயிற்று.